கட்டுச்சோறு தீர்ந்த பிறகு ஒரு கரு என்ன பண்ணும்?

உங்க கண்ணுல இருக்குற செல்லுக்குள்ளயும் கல்லீரல்ல இருக்குற செல்லுக்குள்ளயும் ஒரே டிஎன்ஏ தான் இருக்கு. அப்போ கண்ணுல ஏன் பித்தநீர் சுரக்கல? ஸ்கூல்ல டிஎன்ஏ பாடம் நடத்தும்போதே இந்தக் கேள்வி வந்திருக்கணும், எனக்கு வரல, மார்க்குக்கு படிச்சிட்டுப் போயிட்டேன். ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு தவளை முட்டை பிரியுற வீடியோவ பாத்தப்போதான் மண்டையில உறைச்சுச்சு. ஒரே ஒரு செல், அது ரெண்டாகுது, நாலாகுது, எட்டாகுது, எல்லாத்துலயும் அதே டிஎன்ஏ காப்பி, ஆனா ரெண்டு நாள் கழிச்சு பாத்தா ஒரு பக்கம் கண்ணு இருக்கு இன்னொரு பக்கம் வால் இருக்கு. யார் போய் எந்த செல்லுகிட்ட "நீ வால்"ன்னு சொன்னாங்க?

முதல்ல ஒரு சந்தேகத்த தீத்துக்கலாம். கண்ணு செல்லாகும்போது வேணாத ஜீன் எல்லாம் அழிஞ்சு போயிடுதோ? ஒரு காலத்துல பெரிய ஆளுங்களே இப்படித்தான் நினைச்சாங்க. 1962ல ஜான் கர்டன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி, தலைப்பிரட்டையோட குடல் செல்லுல இருந்து உட்கருவ மட்டும் உறிஞ்சி எடுத்து, சொந்த உட்கரு நீக்கப்பட்ட ஒரு தவளை முட்டைக்குள்ள வெச்சாரு. பெரும்பாலான முட்டை கெட்டுப்போச்சு. ஆனா நூத்துக்கு ஒண்ணு ரெண்டு, நீந்துற தலைப்பிரட்டையாவே வளந்துச்சு. குடல் செல்லுக்குள்ள கண்ணுக்கான ஜீனும் மூளைக்கான ஜீனும் பத்திரமா இருந்திருக்கு, பூட்டி வெச்சிருந்தாங்க அவ்ளோதான். இதுக்கு நோபல் பரிசு வர 2012 ஆச்சு, அம்பது வருஷம். சரி, லேட்டானாலும் குடுத்தாங்களே.

ஆக விஷயம் எந்த ஜீன் இருக்குங்கறதுல இல்ல, எது எப்போ எங்க ஆன்ல இருக்குங்கறதுல தான். இதத்தான் ஜீன் ஒழுங்குமுறைன்னு சொல்றாங்க. பேர் கேட்டா ஏதோ அரசாணை மாதிரி இருக்கு, வேலை என்னமோ ஸ்விட்ச் போடுறது தான். ஒரு ஜீன் ஆன் ஆகுதுன்னா அதோட டிஎன்ஏவ பாத்து ஒரு ஆர்என்ஏ நகல் எடுக்கறாங்க, அந்த நகல பாத்து புரதம் செய்யறாங்க. நகல் எடுக்கணுமா வேணாமான்னு முடிவு பண்றது வேற சில புரதங்கள், டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்னு பேரு. அதுங்க டிஎன்ஏல சில குறிப்பிட்ட இடத்துல போய் ஒட்டிக்கும், ஒட்டினா ஜீன் ஓடும், இல்ல சில சமயம் ஒட்டினா நிக்கும். ஒட்டுற இடத்துல ஒரு வகைக்கு என்ஹான்ஸர்னு பேரு. நம்ம வீட்டு ஸ்விட்ச் மாதிரி ஒரு விரல் பட்டா போதும்னு இல்ல இது, பேங்க் லாக்கர் மாதிரி, உங்க சாவியும் வேணும் மேனேஜர் சாவியும் வேணும், ரெண்டும் சேந்தாதான் தெறக்கும். இந்த லாக்கர் விஷயத்த ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்த ஸ்விட்ச் ஜீனுக்குப் பக்கத்துலயே இருக்கணும்னு கூட கட்டாயம் இல்ல. கை கால் வளர்றதுக்கு சோனிக் ஹெட்ஜ்ஹாக்னு ஒரு ஜீன் வேணும் (ஆமா, வீடியோ கேம்ல வர்ற அந்த முள்ளெலி பேரு தான், விஞ்ஞானிங்களும் விளையாட்டுப் பசங்க தான்). அத கை காலுல மட்டும் ஆன் பண்ற ஸ்விட்ச், ஜீன்ல இருந்து கிட்டத்தட்ட பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்து தள்ளி உக்காந்திருக்கு. 2016ல ஒரு ஆராய்ச்சியில எலியோட அந்த ஸ்விட்ச எடுத்துட்டு மலைப்பாம்போடத வெச்சாங்க, எலிக்கு கை கால் சரியா வளரல, குட்டையா மொட்டையா நின்னுடுச்சு. மனுஷனோடதையும் மீனோடதையும் வெச்சப்போ எலிக்கு கை கால் ஒழுங்கா வந்துச்சு! பாம்போட ஸ்விட்ச்ல வெறும் 17 எழுத்து தொலைஞ்சிருந்துச்சு, அத திருப்பி சேத்ததும் மறுபடி கால் வந்துச்சு. பாம்புகிட்ட அந்த ஜீன் இன்னைக்கும் நல்லா தான் இருக்கு, மத்த இடத்துல அதுக்கு வேலை இருக்கு, கால் இருக்க வேண்டிய இடத்துல மட்டும் ஸ்விட்ச் செத்துப்போச்சு.

சரி, தவளை முட்டைக்கு வருவோம். இந்தத் துறையோட செல்லப்பிள்ளை ஸெனோபஸ்னு ஒரு ஆப்பிரிக்கத் தவளை. லேபுக்குள்ள அது வந்ததே ஒரு தனிக்கதை, ஒரு காலத்துல பொம்பளைங்களுக்கு கர்ப்பமான்னு பாக்கறதுக்கு அவங்க சிறுநீர இந்தத் தவளைக்கு ஊசியில ஏத்துவாங்க, மறுநாளுக்குள்ள தவளை முட்டை போட்டா கர்ப்பம் உறுதி. அதனால உலகம் பூரா ஆஸ்பத்திரியில இது கெடந்துச்சு, கருவியல் ஆளுங்களுக்கும் வசதியாப் போச்சு, எப்ப வேணாலும் முட்டை கிடைக்கும்.

முட்டை ஒரு மில்லிமீட்டருக்கு கொஞ்சம் மேல, மேல்பாதி கருப்பு, கீழ்பாதி வெளுப்பு. விந்தணு நுழைஞ்சு ஒன்றரை மணி நேரத்துல ரெண்டாப் பிரியும், அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை டாண் டாண்னு பிரிஞ்சிக்கிட்டே போகும், எல்லா செல்லும் சேந்து ஒண்ணா. பன்னிரண்டு தடவை பிரிஞ்சா 4,096 செல். இதுல ஆச்சரியம் என்னன்னா இந்த ஆறேழு மணி நேரமும் கருவோட சொந்த ஜீன் கிட்டத்தட்ட எதுவுமே வேலை செய்யல. அப்பா குடுத்த ஜீனும் தூங்குது, அம்மா குடுத்த ஜீனும் தூங்குது.

அப்போ வண்டி எதுல ஓடுது? கட்டுச்சோறுல. அம்மா தவளை முட்டைய உள்ள வளக்குற மாசக்கணக்கான நேரத்துல ஆயிரக்கணக்கான வகை ஆர்என்ஏவையும் புரதத்தையும் செஞ்சு அதுக்குள்ள கட்டி அனுப்பிடுது. பிள்ளைய வெளியூருக்கு ரயில் ஏத்துற அம்மா புளிசாதம் கட்டிக் குடுக்குற மாதிரி, போய்ச்சேந்து அடுப்பு பத்த வைக்கிற வரைக்கும் இத தின்னுக்கோன்னு. கட்டுச்சோறு தீர்ற நேரத்துல கரு தன்னோட அடுப்ப பத்த வைக்கணும். இதுக்கு சைகோட் மரபணுத் தொகுதி விழிப்புன்னு நீளமான பேரு இருக்கு, நான் அடுப்பு பத்துறதுன்னே சொல்றேன்.

இது கதை இல்ல, சோதிச்சுப் பாத்திருக்காங்க. ஆளக் கொல்ற ஒரு காளான்ல ஆல்ஃபா அமானிட்டின்னு ஒரு விஷம் இருக்கு, அது ஆர்என்ஏ நகல் எடுக்கற மெஷினையே மொடக்கிடும். அத தவளை முட்டைக்குள்ள ஏத்தினா என்ன ஆகணும், உடனே செத்துடணும்ல? சாகல. ஒண்ணுமே நடக்காத மாதிரி ஜாலியா பிரிஞ்சுக்கிட்டே போகுது, ஆயிரக்கணக்கான செல் ஆனதுக்கப்புறம் தான், உடம்பு மடிஞ்சு உள்வாங்கி வடிவம் எடுக்க வேண்டிய கட்டத்துல நிக்குது. சோறு தீந்துச்சு, அடுப்பு பத்தல.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச கேள்வி, பன்னிரண்டு தடவை பிரிஞ்சாச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? எண்ணத் தெரியுமா என்ன. 1982ல நியூபோர்ட், கிர்ஷ்னர்னு ரெண்டு பேர் இத நோண்டினாங்க. கரு இந்த நேரத்துல வளரவே இல்ல, மொத்த அளவு அதே ஒரு மில்லிமீட்டர் தான், ஒரே தோசைமாவ சின்னச் சின்னக் கிண்ணத்துல ஊத்துற மாதிரி செல் மட்டும் சின்னதாகிட்டே போகுது. ஆனா டிஎன்ஏ மட்டும் ஒவ்வொரு தடவையும் டபுள். அப்போ மாவுக்கும் டிஎன்ஏவுக்கும் உள்ள விகிதம் மாறிக்கிட்டே வருது. அவங்க என்ன பண்ணாங்கன்னா முன்கூட்டியே வெளியில இருந்து எக்ஸ்ட்ரா டிஎன்ஏவ ஊசியில ஏத்தினாங்க, 4,096 செல் வந்தா எவ்ளோ டிஎன்ஏ இருக்குமோ அந்த அளவுக்கு. அடுப்பு நேரத்துக்கு முன்னாடியே பத்திக்கிச்சு! ஆக முட்டையில எதையோ ஒண்ண அம்மா அளந்து போட்டிருக்கு, அது டிஎன்ஏவ அமுக்கி வெச்சிருக்கு, டிஎன்ஏ பெருகப் பெருக அந்த அமுக்கற சரக்கு பத்தாமப் போகுது. அந்தச் சரக்குல முக்கியமானது ஹிஸ்டோன்ங்கற புரதம்னு பின்னாடி வந்த ஆராய்ச்சிங்க சொல்லுது, டிஎன்ஏவ நூல்கண்டு மாதிரி சுத்தி வைக்கிற அதே புரதம். அது ஒண்ணு மட்டும் தான்னு இல்ல, டிஎன்ஏவ நகலெடுக்கற சில புரதங்களோட கையிருப்பு கொறையறதும் சேந்துதான். கடிகாரமே இல்லாம, தீர்ற சரக்க வெச்சே நேரம் பாக்குது. மளிகைக்கடை அண்ணாச்சி மூட்டை காலியாகுறத வெச்சு தேதி சொல்ற மாதிரி.

அடுப்பு பத்தினா மட்டும் போதாது, பழைய சோத்த தூக்கிக் கொட்டணும், இல்லன்னா ஊசிப்போய் வயித்தக் கெடுக்கும். வரிக்குதிரை மீன்ல (ஸீப்ராஃபிஷ், மீன்தொட்டி கடையில கூட இருக்கும், அதோட கரு கண்ணாடி மாதிரி இருக்கறதால ஆராய்ச்சிக்கு சூப்பர்) முட்டை கருவாகி சுமார் மூணு மணி நேரத்துல, ஆயிரம் செல் வாக்குல அடுப்பு பத்துது. பத்தின உடனே முதல்ல செய்யற சமையல்ல ஒண்ணு மிர்-430ன்னு ஒரு குட்டி ஆர்என்ஏ. அதுக்கு புரதம் செய்யற வேலை எல்லாம் கிடையாது, அம்மா கட்டிக்குடுத்த ஆர்என்ஏ நூத்துக்கணக்குல தேடிப் பிடிச்சு அழிக்கிறது தான் ஒரே வேலை. தனிக்குடித்தனம் போன மருமக முதல் நாளே மாமியார் குடுத்த ஊறுகா பாட்டில் எல்லாத்தையும் கழுவி வெச்ச மாதிரி.. சண்டை இல்ல, எடம் வேணும்ல.

எல்லா முதுகெலும்பிக்கும் இது ஒரே நேரத்துல நடக்காது. எலிக்கு ரெண்டு செல் கட்டத்துலயே பத்திக்குது. மனுஷனுக்கு நாலுல இருந்து எட்டு செல்லுக்குள்ள, அதாவது கிட்டத்தட்ட மூணாவது நாள், இது 1988ல தெரிய வந்துச்சு. ஐவிஎஃப் பண்ணிக்கிட்டவங்க "டே 3 எம்ப்ரியோ", "டே 5 பிளாஸ்டோசிஸ்ட்"ன்னு பேசிக்கிறத கேட்டிருப்பீங்க. ஆறு கரு நல்லா வந்துச்சு, மூணாவது நாளுக்கப்புறம் ரெண்டு தான் தாண்டுச்சுன்னு சொல்லிட்டு, நாம ஏதாச்சும் தப்பு பண்ணிட்டோமோன்னு தனக்குள்ள நொந்துக்குவாங்க. அது வரைக்கும் ஓடுனது பெரும்பாலும் கட்டுச்சோறுல, அதனால குரோமோசோம்ல கோளாறு இருக்குற கரு கூட அது வரைக்கும் பாக்க நல்லாவே இருக்கும், சொந்த ஜீன் வேலை செய்ய வேண்டிய இடத்துலதான் குட்டு வெளிப்படும். நின்னு போறதுக்கு வேற காரணமும் இருக்கலாம், டாக்டர் தான் சொல்லணும், ஆனா மூணாவது நாள் ஏன் ஒரு கண்டம் மாதிரி இருக்குன்னா இதான் விஷயம்.

இப்போ எப்போங்கறது ஓகே. எங்கங்கறது? அடுப்பு பத்தினதும் எல்லா செல்லும் ஒரே சமையல பண்ணா ஒரே மாதிரி செல் நாலாயிரம் இருக்கும், தவளை இருக்காது. இங்கயும் அம்மா ஒரு வேலை பண்ணியிருக்கு, கட்டுச்சோத்த சமமா கலக்காம அடுக்கு கேரியர்ல வெச்ச மாதிரி அனுப்பியிருக்கு. வெஜ்-டிங்கற ஒரு ஆர்என்ஏ முட்டையோட கீழ்ப்பக்கம் மட்டும் இருக்கும். அதுல இருந்து வர்ற புரதம் ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர், கீழ இருக்குற செல்ல எல்லாம் குடலாகு ஈரலாகுன்னு தள்ளி விடுது, கூடவே நோடல்னு ஒரு சிக்னல வெளிய விடுது, அது மேல இருக்குற பக்கத்து வீட்டு செல்லுக்குப் போய் நீ சதையாகு எலும்பாகுன்னு சொல்லுது. ஆக மேல் கீழ் முடிஞ்சுது.

முன் பின், அதாவது வயிறு எந்தப் பக்கம் முதுகு எந்தப் பக்கம்? அம்மா இத முடிவு பண்ணல. விந்தணு எங்க நுழையுதோ அங்க இருந்து தான் முடிவாகுது, அது கருப்பா இருக்குற மேல்பாதியில எங்க வேணாலும் நுழையலாம். நுழைஞ்சதும் முட்டையோட வெளித்தோல் அடுக்கு உள்ள இருக்குற கூழ் மேல சுமார் 30 டிகிரி வழுக்கி நகருது. அந்த நகர்வுல அடியில இருந்த சில சரக்கு, விந்தணு நுழைஞ்ச இடத்துக்கு எதிர்ப்பக்கம் ஏறிடுது. அந்தப் பக்கம் முதுகு. புற ஊதாக் கதிர அடியில அடிச்சா இந்த நகர்வு நடக்காது, அப்போ தலையும் இல்லாம முதுகும் இல்லாம வெறும் வயித்து உருண்டையா ஒரு ஜீவன் வருது, பாக்கவே பாவமா இருக்கும். ஆனா அதே முட்டைய சரியான நேரத்துல கையால லேசா சாய்ச்சு வெச்சா, உள்ள இருக்குற கனமான மஞ்சக்கரு தன்னால சரிஞ்சு, தலை முதுகோட ஒழுங்கான தலைப்பிரட்டை வருது. டிஎன்ஏல ஒரு எழுத்து கூட மாத்தல, சாய்ச்சாங்க அவ்ளோதான்! ஜீன்ங்கறது பில்டிங் பிளான் மாதிரி, எல்லாம் அதுலயே வரைஞ்சிருக்குன்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு இந்தச் சாய்ச்ச முட்டை தான் ஞாபகம் வரும்.

அந்த நகர்ந்த சரக்கு என்ன பண்ணுது? பீட்டா கேட்டனின்னு ஒரு புரதம், எல்லா செல்லுலயும் செய்யறாங்க, எல்லா செல்லுலயும் செஞ்ச கையோட ஒடச்சுப் போடுறாங்க. வேலை வெட்டி இல்லாத மாதிரி தெரியும், ஆனா முதுகுப் பக்கம் மட்டும் நகர்ந்து வந்த சரக்கு அந்த ஒடைக்கிற மெஷின நிறுத்திடுது. அங்க பீட்டா கேட்டனின் சேந்து, உட்கருவுக்குள்ள போய், அடுப்பு பத்தினதும் சில ஜீன ஆன் பண்ணுது. இப்போ அந்த லாக்கர் ஞாபகம் இருக்கா? கீழ இருந்து வர்ற நோடல் ஒரு சாவி, முதுகுப் பக்கத்து பீட்டா கேட்டனின் இன்னொரு சாவி. ரெண்டும் ஒண்ணா இருக்குற எடம் முட்டையில ஒரே ஒரு சின்ன மூலை தான். அங்க மட்டும் கூஸ்காய்டு, கார்டின், நாகின் மாதிரி ஜீன் எல்லாம் தெறக்குது.

அந்த மூலைக்கு ஆர்கனைசர்னு பேரு, அது ஜீன் எல்லாம் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே கண்டுபிடிச்சது. ஜெர்மனியில ஃப்ரைபர்க்ல ஹான்ஸ் ஸ்பீமன்கிட்ட ஆராய்ச்சி மாணவியா இருந்தவங்க ஹில்டே மாங்கோல்டு. வெளுத்த நிறத்துல இருக்குற ஒரு நியூட்டோட (தவளையோட சொந்தக்கார ஜாதி, பல்லி மாதிரி இருக்கும்) கருவுல இருந்து அந்த மூலைய மட்டும் கிள்ளி எடுத்து, கருப்பா இருக்குற இன்னொரு வகை நியூட் கருவோட வயித்துப்பக்கம் ஒட்டினாங்க. ஆன்டிபயாடிக் எல்லாம் வராத காலம், பெரும்பாலான கரு செத்துப்போச்சு, விரல் விட்டு எண்ணுற அளவு தான் பொழைச்சுது. பொழைச்சதுல வயித்துல இன்னொரு உடம்பு! ரெண்டாவது முதுகுத்தண்டு, ரெண்டாவது நரம்புக்குழாய், ஒட்டிப்பொறந்த ரெட்டை மாதிரி. ரெண்டு நிறத்துல வகைய எடுத்தது எதுக்குன்னா யாரோட செல் என்ன ஆச்சுன்னு பாக்க. பாத்தா அந்த ரெண்டாவது நரம்புக்குழாய் பெரும்பாலும் கருப்பு, அதாவது வீட்டுக்காரங்களோட செல். வயித்துத் தோலாகப் போயிட்டு இருந்த செல்ல வந்த விருந்தாளி மனசு மாத்தி மூளையாக்கியிருக்கு. கட்டுரை 1924ல வந்துச்சு, அதே வருஷம் வீட்டு சமையலறையில ஹீட்டர் வெடிச்சு ஹில்டே எறந்துட்டாங்க, வயசு 25. ஸ்பீமனுக்கு 1935ல நோபல். செத்தவங்களுக்கு குடுக்கறது இல்ல.

அந்த விருந்தாளி என்ன சொல்லி மனசு மாத்துச்சுன்னு தெரிய இன்னும் எழுபது வருஷம் போல ஆச்சு. எல்லாரும் "மூளையாகு"ன்னு ஒரு கட்டளை புரதம் இருக்கும்னு தேடினாங்க. கிடைச்சது நேர்மாறா இருந்துச்சு. கருவுல மேல்பக்கத்து செல்லுங்க எல்லாத்துக்கும் பிஎம்பின்னு ஒரு சிக்னல் போயிட்டே இருக்கு, அது "தோலாகு, தோலாகு"ன்னு நச்சரிக்குது. ஆர்கனைசர் விடுற கார்டினும் நாகினும் அந்த பிஎம்பிய வழியிலயே பிடிச்சு கட்டிப்போடுது, செல்லு கிட்ட போகவே விடாது. நச்சரிப்பு கேக்காத செல் தன்னால நரம்பாகுது. அதாவது அந்த செல்லுங்க சும்மா விட்டாலே மூளையாகத்தான் போகுது, யாராச்சும் குறுக்க வந்து தோலாக்கினாதான் தோல். பிள்ளை வளக்கறவங்க யாராச்சும் இத படிச்சா தப்பா எடுத்துக்க வேணாம். 1991ல கூஸ்காய்டு ஜீனோட ஆர்என்ஏவ மட்டும் தவளைக் கருவோட வயித்துப்பக்கம் ஊசியில ஏத்திப் பாத்தாங்க, அங்கயும் ரெண்டாவது உடம்பு கிளம்புச்சு. சதைத்துண்ட ஒட்டி ஹில்டே பண்ணத ஒரே ஒரு ஜீனோட நகல் பண்ணுச்சு.

இதுக்கப்புறம் நடக்கறது எல்லாம் இதே ஆட்டம் தான், ஒரு ஜீனோட புரதம் போய் அடுத்த ஜீனோட ஸ்விட்ச்சுல ஒக்காரும், அது இன்னொண்ணுக்குப் போகும். கழுத்து எது இடுப்பு எதுன்னு முடிவு பண்றது ஹாக்ஸ் ஜீன்கள், நமக்கும் எலிக்கும் 39 இருக்கு, நாலு கொத்தா. குரோமோசோம்ல எந்த வரிசையில இருக்கோ அதே வரிசையில தலையில இருந்து வால் பக்கம் போகுது, ரயில் பெட்டி மாதிரி. எலியில ஹாக்ஸ்10 வகைய மொத்தமா நீக்கினப்போ இடுப்புப் பக்கத்து முதுகெலும்புல கூட விலா எலும்பு முளைச்சுது. இடுப்புல விலா வராம இருக்கறதே அங்க ஒரு ஜீன் வேணாம்னு சொல்லிட்டு இருக்கறதால தான்.

முதுகெலும்பு துண்டு துண்டா இருக்கே, அந்தத் துண்டு எப்படி வருது? அதுக்கு நிஜமாவே ஒரு கடிகாரம் இருக்கு. ஒரு ஜீன் ஆன் ஆகி புரதம் செய்யுது, அந்த புரதம் திரும்பி வந்து தன்னோட ஜீனையே ஆஃப் பண்ணுது, கொஞ்ச நேரத்துல புரதம் அழிஞ்சதும் மறுபடி ஆன். ஆன், ஆஃப், ஆன், ஆஃப். ஒவ்வொரு சுத்துக்கும் முதுகுல ஒரு ஜோடித் துண்டு வெட்டி விழுது. மீனுக்கு அரை மணி, எலிக்கு ரெண்டு மணி, மனுஷனுக்கு சுமார் அஞ்சு மணி நேரம். இத முதல்ல பாத்தது 1997ல, கோழிக் கருவுல, அதுக்கு 90 நிமிஷம்.

கோழின்னதும் ஞாபகம் வருது. நாட்டுக்கோழி வளக்கறவங்க ஒரு வாரம் பத்து நாள் முட்டைய சேத்து வெச்சு மொத்தமா ஒரே நாள்ல அடை வைப்பாங்க, முதல்ல போட்டதும் கடைசியில போட்டதும் 21ஆம் நாள் வாக்குல கிட்டத்தட்ட ஒண்ணா பொரியும். முட்டை கோழி வயித்துல இருந்து வெளிய வரும்போதே உள்ள பல ஆயிரம் செல் இருக்கு, அடுப்பு எல்லாம் எப்பவோ பத்தியாச்சு, ஆனா சூடு கொறைஞ்சதும் எல்லாம் அப்படியே நின்னு காத்துட்டு இருக்கு. கோழி மேல ஒக்காந்து சூடு ஏறினா மறுபடி கிளம்பும், ஒரு நாள் வாக்குல முதல் ஜோடித் துண்டு, அப்புறம் ஒன்றரை மணிக்கு ஒண்ணு. கூடைக்குள்ள வைக்கோல் மேல அந்தப் பத்து முட்டையும் அன்னைக்குத்தான் ஒண்ணா எண்ண ஆரம்பிக்குது.